தின்னாமல் விட்ட இலை

ஒரு காட்டில் பதினேழு குட்டிகள் விருந்துக்குப் போக வரிசையில் நின்றுகொண்டிருந்தன. பதினெட்டாவது குட்டி மட்டும் வரிசையில் சேராமல், நடுவழியில் உட்கார்ந்துவிட்டது.

அது ஒரு முயல் குட்டி. பெயர் சுணங்கி. தானும் போகமாட்டாளாம், மற்றவர்களும் போகக் கூடாதாம்.

அவளுடைய அப்பா தாவலனுக்கு வெட்கத்தில் இரண்டு காதும் முதுகோடு ஒட்டிக்கொண்டன. காடே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லார் பிள்ளையும் குளித்து, தலை சீவி, ஒழுங்காக நிற்கிறது. அவன் பிள்ளை மட்டும் புழுதியில் உட்கார்ந்து ஒரு பூவரச இலையை வைத்துக்கொண்டு முறைக்கிறது.

அந்த இலைதான் சங்கதியே. அந்தக் காட்டில் காகிதம் கிடையாது. எழுத்துப் புழுக்கள் பூவரச இலையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு அரித்து எழுதும். கதை, செய்தி, சண்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இலையில்தான் வரும். யார் என்ன சொன்னாலும் புழு அப்படியே எழுதிவிடும். கூட்டாது, குறைக்காது.

படித்து முடித்ததும் இலையைத் தின்றுவிட வேண்டும். அது வழக்கம். அதனால் பிள்ளை எவ்வளவு படித்தது என்று தெரிந்துகொள்வது அங்கே ரொம்பச் சுலபம். எத்தனை இலை தின்றது என்று எண்ணினால் போதும். வயிறு உப்பியிருந்தால் படிப்பு ஏறிவிட்டது என்று எல்லாப் பெற்றோரும் நம்பினார்கள். சும்மா இல்லை, மனதார நம்பினார்கள்.

அணில் கீச்சாளின் மகன் மடமடன் ஒரு நாளைக்கு இருபது இலை. மூச்சு விடாமல் படிப்பான், முழுங்குவான், அடுத்ததை எடுப்பான். படித்ததில் என்ன இருந்தது என்று அவனை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏப்பம்தான் வந்திருக்கும்.

சுணங்கி ஒரு நாளைக்கு ஒரே இலை. மிஞ்சிப் போனால் ஒன்றரை.

அதற்குக் காரணம் தாவலன்தான். இதை அவன் வெளியே சொன்னதில்லை. ஒரு மழைக்காலம், வளையில் தீனி இல்லை. மகள் ஓர் இலையைப் படித்து முடித்துக் கீழே வைத்ததுதான் தாமதம், பசி தாங்காமல் தான் படிப்பதற்கு முன்பே அதைத் தின்றுவிட்டான். தின்ற பிறகு மனசு அரித்தது. என்ன எழுதியிருந்ததோ என்று மகளைக் கேட்டான்.

"ஒரு நத்தை வீட்டை விற்கப் போச்சு, அப்பா" என்றாள்.

"ஏன் விற்கப் போச்சு?"

அது அவளுக்குத் தெரியவில்லை. இலையைத் திரும்பிப் பார்க்கலாம் என்றால் அது அப்பா வயிற்றில் இருந்தது. யோசித்து, தூக்கித் தூக்கி முதுகு வலித்திருக்கும் என்றாள். வாங்க வந்தவன் உள்ளே பார்க்க வேண்டும் என்றானாம். நத்தை வெளியே வந்தால்தானே அவன் உள்ளே போக முடியும்? வியாபாரம் நடக்கவில்லை. தாவலன் சிரித்த சிரிப்பில் வளையின் மண் உதிர்ந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் இதே வேலை. அவள் படிப்பாள், அவன் தின்பான், பிறகு கேட்பான். ஏன் என்பான். அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்பான். புரியாவிட்டால் வெட்கப்படாமல் மறுபடி சொல்லச் சொல்வான். அப்பா கேட்பார் என்று தெரிந்ததால் அவளும் வரிக்கு வரி நின்று நின்று படிக்க ஆரம்பித்தாள். இப்படித்தான் அவள் சுணங்கி ஆனாள். அதைப் படிப்பு சொல்லிக்கொடுப்பது என்று தாவலன் நினைக்கவே இல்லை. தன்னுடைய தீனிப் புத்தி மகளையும் மந்தமாக்கிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இன்று காலை காகம் அந்த இலையைக் கொண்டுவந்தது. செம்பட்டை நரி அனுப்பிய அழைப்பு. மடமடன் கூட்டத்துக்கு நடுவே ஏறி நின்று ஒரே மூச்சில் வாசித்தான். 'விருந்து' என்ற சொல் காதில் விழுந்ததும் குட்டிகள் குளிக்க ஓடிவிட்டன. பெரியவர்கள் கை தட்டினார்கள். தலைவர் மயில் தோகையை விரித்து, குட்டிகள் போய் வரலாம் என்று உத்தரவு போட்டது. இலையைத் தின்னும் மரியாதை தாவலனுக்குக் கிடைத்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் சுணங்கி பிடுங்கிக்கொண்டாள். அவள் படித்து முடிப்பதற்குள் குட்டிகள் குளித்து வந்து வரிசை கட்டி நின்றுவிட்டன.

"தாவலா, ஒன்று மகளை வரிசையில் நிறுத்து, இல்லை அவள் வாயை அடக்கு" என்றது மயில்.

இருபது இலை படிக்கிற பிள்ளையே பேசாமல் நிற்கும்போது ஓர் இலைக்காரிக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று கீச்சாள் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

தாவலனுக்கு மகளின் காதைப் பிடித்து இழுத்துப் போகலாம் போல இருந்தது. கிட்டே போனான். அவள் முகத்தைப் பார்த்தான். சாயங்காலம் அவன் கேள்விக்காகக் காத்திருப்பாளே, அதே முகம். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சரி கண்ணு. அதில் என்ன இருந்தது?"

"வெயில் தாழ்ந்ததும் பதினெட்டுக் குட்டிகளும் குகைக்கு வரணுமாம். நல்லாக் குளிச்சுட்டு வரணுமாம். பெரியவங்க சிரமப்பட வேண்டாமாம். கொழுகொழுன்னு இருக்கிறவங்களுக்கு முன்வரிசையாம். ஐந்து வாழையிலை போட்டுக் காத்திருப்பாங்களாம்."

"நல்ல மரியாதைதானே?"

"நாங்க பதினெட்டுப் பேர், அப்பா. எதுக்கு ஐந்து இலை?"

மயில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெரிய விருந்தென்றால் பந்தி பந்தியாகத்தான் உட்கார்த்துவார்கள், இதுகூடத் தெரியாதா என்றது. சிலர் தலையாட்டினார்கள். தாவலனும் பாதி ஆட்டிவிட்டான். ஆனால் வீட்டுப் பழக்கம் விடவில்லை.

"அப்புறம்? என்ன சாப்பாடாம்?"

"அதுதான் எழுதலை. குளிக்கிறதைக்கூட எழுதியிருக்காரு. சாப்பாடு என்னன்னு ஒரு வரி இல்லை."

தாவலன் தலையைத் தூக்கினான். மேலே கிளையில் காகம் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.

"காக்கா அண்ணே, நரி வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?"

"அவர், அவர் சம்சாரம், மூன்று பிள்ளைகள். ஐந்து பேர். ஏன் கேட்கிறாய்?"

"அழைப்பு கொண்டுவந்ததற்கு உங்களுக்கு என்ன தருவதாகச் சொன்னார்?"

"விருந்து முடிந்ததும் எலும்பு எல்லாம் எனக்கு" என்றது காகம். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அதற்கே உறைத்தது. அலகை மூடிக்கொண்டு பறந்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கீச்சாள் முதல் ஆளாக ஓடி, முன்வரிசையில் நின்ற மடமடனை வாலைப் பிடித்து வெளியே இழுத்தாள். பிறகு மானம்மா, காட்டுப்பன்றி, கௌதாரி என்று ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டார்கள். வழியில் வரிசை என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. குகையில் ஐந்து வாழையிலையும் காய்ந்து சுருண்டன.

உள்ளதை உள்ளபடி இலையில் எழுத வைக்க நரி ஏன் பயப்படவில்லை என்று கேட்பீர்கள். 'விருந்து' என்ற சொல்லைத் தாண்டி யாரும் படிக்கமாட்டார்கள் என்று அதற்கு நன்றாகத் தெரியும். பதினேழு பேர் விஷயத்தில் அது நினைத்தது சரிதான்.

கீச்சாள் தாவலனிடம் வந்தாள். மகளை எந்தப் புழுவிடம் அனுப்பிப் படிக்க வைத்தான் என்று தணிந்த குரலில் கேட்டாள். எங்கேயும் அனுப்பவில்லை, வீட்டில் அவள் படித்ததை நான் தின்றுவிட்டு, என்ன இருந்தது என்று கேட்பேன், அவ்வளவுதான் என்றான் தாவலன். சொல்லும்போது அவனுடைய இரண்டு காதும் பனைபோல நிமிர்ந்து நின்றன. பிறந்ததிலிருந்து அவை அவ்வளவு உயரம் நின்றதில்லை.

மயிலுக்குத்தான் நிலை கொள்ளவில்லை. போகலாம் என்று உத்தரவு போட்டது அதுதானே. தோகையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, நடந்தது நடந்துவிட்டது, படித்து முடித்த இலையை வைத்திருப்பது வழக்கமில்லை, உடனே தின்றுவிடு என்றது.

தாவலன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இலை இளசாக இருந்தது. அதை மகளிடமிருந்து வாங்கி, மண் தட்டி, தன் வளையின் வாசலில் எல்லாரும் பார்க்கும்படி ஒரு முள்ளில் குத்தி வைத்தான்.

தின்னவில்லை.

நீதி: பிள்ளை எவ்வளவு படித்தது என்று எண்ணாதே, படித்ததில் என்ன இருந்தது என்று கேள்.