பின்னால் நாலு, முன்னால் ஒன்று

வாத்தியாரம்மாவின் பட்டறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்று யாரும் சட்டம் போட்டதில்லை. இரும்புத் தூள் சிந்திக் கிடக்கிற இடத்தில் அப்படிச் சட்டம் போட்டால் அது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் குழந்தைவேலு இரண்டு வருஷமாக வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவார். அவ்வளவு குருபக்தி. அன்றைக்கு நாலு மணி வாக்கில் செருப்புக் காலோடு விடுவிடுவென்று உள்ளே வந்தார்.

"நீங்க பண்ணினது நியாயமுங்களா?"

வாத்தியாரம்மா ஒரு காரின் அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"யாரு, அண்ணனுங்களா? காப்பி சாப்பிடறீங்களா?"

"காப்பியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நியாயமான்னு கேட்டேன்."

அந்த அம்மாவுக்குப் பேர் சௌடேஸ்வரி. கோயமுத்தூரில் மண் பாதையில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்குக் கார் கட்டிக் கொடுக்கிறவர். ஐ.டி.ஐ.யில் கொஞ்ச காலம் பாடம் நடத்தியதால் வாத்தியாரம்மா என்ற பேர் ஒட்டிக்கொண்டது. குழந்தைவேலுவுக்கு மகள் வயசுதான் இருக்கும். குழந்தைவேலு பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல்சக்கரத்தோடேயே வாழ்ந்த கை. வேலை தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்டவர் தன்னைவிட இவ்வளவு சின்னவரைத் தேடி வந்து "கத்துக் குடுங்க" என்று கைகட்டி நின்றாரே, அது பெரிய மனசுதான்.

வாத்தியாரம்மாவின் வழக்கம் ஒன்று உண்டு. பட்டறைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம். கேட்டால் சொல்வார். கேட்காததைச் சொல்ல மாட்டார். அவராக ஒரு கேள்வி கேட்டால், அதை ஒரு தரம்தான் கேட்பார்.

காரின் அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஆச்சுங்ணா?" என்றார்.

"வண்டி பின்னால போகுதுங்க!"

"சரி."

"என்ன சரி? ஃபர்ஸ்ட் கியர் போட்டா பின்னால போகுது. செகண்ட் போட்டா இன்னும் வேகமாப் பின்னால போகுது. நாலு கியரும் பின்னால!"

"ரிவர்ஸ் போட்டீங்களா?"

"போட்டேன். அது முன்னால போகுது."

வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடக் குழந்தைவேலுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலையில் நடந்தது இதுதான். காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தெருவையே கூட்டிவைத்திருந்தார் குழந்தைவேலு. வேலை வெட்டி இல்லாத தெரு, கூப்பிடாதவர்களும் வந்து நின்றார்கள். மனைவி மயிலாத்தாள் நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சூடம் காட்டியாயிற்று. குழந்தைவேலு கியர் போட்டு கிளட்சை விட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்லை. வண்டி பின்னால் பாய்ந்து சொந்த வீட்டு கேட் தூணில் போய் முட்டியது. தெரு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது.

மயிலாத்தாள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இறங்கினார். வீட்டுக்குள் போய், தைத்துவைத்த துணி மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர் அவர். அந்தக் கார் அவர் தைத்துச் சம்பாதித்து வாங்கிய கார். "அடுத்த தீபாவளிக்குள்ள புது வண்டி மாதிரி உன் கையில தர்றேன்" என்று வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தவர் குழந்தைவேலு. அந்த அடுத்த தீபாவளியும் போய், அதற்கடுத்ததும் போயிருந்தது.

"ஆக்ஸிலக் கவுத்துப் போட்டதாலதானுங்களே?" என்றார் குழந்தைவேலு. "தூண்ல முட்டின நிமிசமே எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா நான் அதை மாட்டினப்பவே நீங்க என் வீட்டுக்கு வந்து பார்த்தீங்க. கீழ குனிஞ்சு பார்த்தீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சுகிட்டே விட்டுட்டீங்க. தெரு சிரிக்கட்டும்னு விட்டுட்டீங்க. இதான் குருவுக்கு அழகுங்களா?"

"நான் ஒண்ணு கேட்டேனுங்களே, அன்னைக்கு."

"என்ன கேட்டீங்க?"

"'ஏனுங்ணா, இது ஏன் இப்படி இருக்கு'ன்னு கேட்டேன்."

குழந்தைவேலு யோசித்தார். கேட்டது ஞாபகம் வந்தது. தான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

வேனிலிருந்து கழற்றி வந்து பின்சக்கரங்களுக்குப் பூட்டிய ஆக்ஸில் அது. அதில் பல்சக்கரம் அடங்கிய உருண்டை நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். அதனால் முன்னால் என்ஜினிலிருந்து சுழன்று வரும் ஷாஃப்ட் கொஞ்சம் சாய்வாகப் போனது. சாய்ந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது, அதற்குத்தான் இரண்டு முனையிலும் மூட்டு வைத்திருக்கிறது. ஆனால் மயிலாத்தாளின் அண்ணன் ரங்கசாமி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, கோணலாப் போகுது?" என்று கேட்டுவிட்டார். போதாதா? குழந்தைவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆக்ஸிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் உருண்டை மறுபக்கம் வந்துவிடும், ஷாஃப்ட் நூல் பிடித்தது போல நிற்கும். கவிழ்த்தார். எண்ணெய் வடிக்கிற திருகாணி வானத்தைப் பார்த்தது. அதை அடைத்துவிட்டுக் கீழே புது ஓட்டை போட்டார். ஜாக்கி வைத்துத் தூக்கி என்ஜினை ஓட்டியபோது சக்கரம் சுற்றியது. சுற்றுகிற சந்தோஷத்தில் கை தட்டினார். கவிழ்த்ததில் சுற்றும் பக்கமும் மாறிப்போயிருந்தது; எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அவர் பார்க்கவில்லை.

வாத்தியாரம்மா வந்து ஏன் இப்படி என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "இப்பக் கோணல்னு எவனாவது வாயத் தொறக்கட்டும் பார்க்கலாம்!"

"அதுக்கு மேல நீங்க சொல்லியிருக்கணுமுங்க," என்றார் குழந்தைவேலு. "தப்புன்னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா என் வாயையும் அடைச்சிருப்பீங்க."

"நானா? உங்க வாயையா?"

"வாங்க, வண்டியப் பார்க்கலாம்," என்று வாத்தியாரம்மா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ரங்கசாமி உட்கார்ந்திருந்தார். பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். பழம் நல்ல சாறு.

"வாங்க மாப்ள. ஒண்ணும் கவலைப்படாதீங்க. போறப்ப பின்னால போனா, வர்றப்ப முன்னால வருமில்ல?"

குழந்தைவேலுவுக்கு இரண்டு வருஷத்து ஆத்திரமும் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"எல்லாம் உங்களால வந்ததுதான் மச்சான்! அன்னைக்குக் கல்யாணப் பந்தியில நாலு பேர் முன்னால என்ன சொன்னீங்க? 'முன்சக்கரம் இழுக்கிற வண்டி காரே இல்ல மாப்ள, மாட்டு வண்டி'ன்னு சொன்னீங்களா இல்லையா? 'ஆம்பளை ஓட்டுற வண்டின்னா பின்சக்கரம் தள்ளணும், என் ஜீப்பு மாதிரி'ன்னு சொன்னீங்களா இல்லையா? அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் என்ஜினத் திருப்பி வச்சேன், வண்டித் தரைய அறுத்தேன், கண்ணு எரிய எரிய வெல்டிங் வச்சேன்!"

ரங்கசாமி டம்ளரைக் கீழே வைத்தார். நிஜமாகவே யோசித்தார்.

"மாட்டு வண்டின்னா? நானா? எந்தக் கல்யாணத்துல?"

"உங்க சித்தப்பா பேத்தி கல்யாணத்துல!"

"அந்தக் கல்யாணத்துக்கு வந்தது ஞாபகம் இருக்குது. பாயசம் நல்லாயிருந்துச்சு. இது ஞாபகம் இல்லியே மாப்ள. ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பேன்." டம்ளரை மறுபடியும் எடுத்து, "இப்ப என் ஜீப்பு எங்க இருக்கு? வித்து ஆறு மாசமாச்சே. மகன் வாங்கினது முன்சக்கர வண்டிதான். நல்லாத்தான் போகுது," என்றார்.

ஒரு மனுஷனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. சொன்னவனுக்கே மறந்துபோன சொல்லைக் குழந்தைவேலு தினமும் காலையில் எழுந்து எழுந்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வாத்தியாரம்மா இதற்குள் காரின் பின்பக்கம் படுத்திருந்தார். "அண்ணா, டார்ச் எடுத்துட்டு வாங்க," என்று குரல் வந்தது.

குழந்தைவேலு டார்ச்சோடு பக்கத்தில் போய்ப் படுத்தார்.

"உருண்டையில எழுத்து வார்த்திருக்கே, படிங்க."

"கம்பெனிப் பேருங்க."

"படிங்க."

படிக்க முடியவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தார், கழுத்து வலித்தது. எழுத்தெல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் கனத்துக்குப் புடைத்துக்கொண்டு நிற்கிற எழுத்து. இங்கிலீஷ் தெரியாதவனுக்குக் கூடத் தலைகீழ் என்று தெரியும்.

"இத நீங்க பார்க்கலீங்களா?"

"பார்க்கல."

"யாருமே பார்க்கலீங்களா?"

குழந்தைவேலு டார்ச்சை அணைத்தார். அன்றைக்கு ஆக்ஸிலை ஏற்றும்போது டார்ச் பிடித்துக்கொண்டு இதே இடத்தில் குத்தவைத்திருந்தது மயிலாத்தாள். அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு வந்து பிடித்தார்.

"மயிலா பார்த்தா," என்றார் மெதுவாக.

"என்ன சொன்னாங்க?"

"'ஏனுங்க, எழுத்து தலைகீழா இருக்குதே'ன்னா."

"நீங்க?"

"'நீ வெளிச்சத்த ஒழுங்காப் பிடி, உனக்கு என்ன தெரியும்'னேன்."

"அக்கா அப்பறம் ஏதாச்சும் கேட்டாங்களா?"

"இல்ல. அதுக்கப்பறம் அவ வண்டியப் பத்தி எதுவுமே கேட்கல."

வாத்தியாரம்மா வெளியே வந்து முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தூணில் இடித்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, பம்பர்தான் நசுங்கியிருந்தது.

"வேலை நல்ல வேலைங்ணா," என்றார். "வெல்டிங் எல்லாம் என் பட்டறையில கூட இவ்வளவு சுத்தமா வராது. பொய் சொல்லல."

குழந்தைவேலு எத்தனையோ நாள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. இன்றைக்கு அது காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை.

"நாளைக்கு ஆக்ஸில இறக்கித் திருப்பிப் போட்டுடறேனுங்க," என்றார். "ஷாஃப்ட் சாஞ்சு போனாப் போகட்டும்."

"திருப்பலாம். நானும் வர்றேன். இப்ப மணி என்ன?"

"அஞ்சாகப் போகுது."

"அக்கா எந்த பஸ்ஸுல திரும்பி வருவாங்க?"

"அஞ்சே காலுக்கு வர்ற டவுன் பஸ்ஸுல. எதுக்குங்க?"

வாத்தியாரம்மா காரின் கதவைத் திறந்துவிட்டார்.

"உட்காருங்க. ரிவர்ஸ் போட்டு ஓட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க. தெருமுக்குதானே, நடக்கிற வேகத்துல போனாப் போதும்."

குழந்தைவேலு இரண்டடி பின்வாங்கினார்.

"இப்படியேவா?"

"இப்படியேதான். முன்னால ஒரு கியர் போகுதுல்லங்க."

"விளையாடாதீங்க வாத்தியாரம்மா. ரிவர்ஸ்ல அது எப்படிக் கத்தும்னு தெரியுமில்ல? ஊளையிடும். வீட்டுக்கு வீடு எட்டிப் பார்ப்பாங்க. காலையில சிரிச்ச சிரிப்பே இன்னும் அடங்கல. மாலையும் சந்தனமுமா, மாட்டு வண்டி வேகத்துல, நான் இந்தத் தெருவுல போறதா? என்ன நெனச்சுட்டு இருக்கீங்க? மானம் மரியாதை ஒண்ணு இருக்குதில்லீங்களா?"

"இருக்குதுங்க."

"அப்பறம்? திருப்பிப் போட்டு, சரி பண்ணி, ஒழுங்கா நாலு கியரும் முன்னால போறப்ப அவளக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் அவ பஸ்ஸுலயே வரட்டும். பழகினதுதானே. தெரு சிரிக்கும் வாத்தியாரம்மா! உங்களுக்கு அது புரியல!"

ரங்கசாமி நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

வாத்தியாரம்மா எப்போதும் சத்தம் போட்டுப் பேசாதவர். அன்றைக்கு மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினார்.

"ரெண்டு வருசமா அக்கா இதே தெருவுல, வீட்டுல காரப் போட்டுட்டு, இடுப்புல துணி மூட்டையோட பஸ்ஸுக்கு நடந்தாங்களே. அப்பல்லாம் இந்தத் தெரு சிரிக்காம இருந்துச்சுன்னா நெனச்சீங்க?"