பனிவண்டி இன்ஜினும் தேரி இறக்கமும்

சீடனுக்கு ஐம்பத்தொன்பது வயது. குருவுக்கு முப்பத்தாறு. உடன்குடி ரோட்டில், தேரிக்காடு தொடங்குகிற இடத்தில், அப்படியும் ஒரு பட்டறை நடந்தது.

குருவின் பெயர் ஜெயரூபி. வெல்டிங், லேத்து, இன்ஜின் மூன்றும் அவளுக்குக் கைப்பழக்கம். ஊரார் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சீடன் தவசிக்கனி. முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"மணல்ல ஓடுத வண்டி ஒண்ணு செய்யணும் மேஸ்திரி. கூட நின்னு நானும் செய்யணும்."

"எங்க ஓட்ட?"

"தேரி மேல."

தேரி என்பது சிவப்பு மணல் மேடு. மாடே கால் புதையப் புதையத்தான் ஏறும். ஜீப்பெல்லாம் பாதியில் நின்று, கயிறு கட்டி இழுக்கப்பட்ட மேடு அது.

"செஞ்சிரலாம் அண்ணாச்சி. நாளைக்குப் பழைய சட்டை போட்டுட்டு வாங்க" என்றாள் மேஸ்திரி.

இன்ஜின் துறைமுகத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. எந்தக் குளிர் நாட்டிலோ உறைபனி மேல் வழுக்கி ஓடிய வண்டியின் இன்ஜின். ரெண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். கியர் கிடையாது. ஒரு அகலப் பெல்ட்தான் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். அந்த ஊரில் பனி வந்து மோதி மோதியே அது குளிருமாம். இங்கே பனிக்கு எங்கே போவது? ஒரு பழைய காரின் ரேடியேட்டரைப் பின்னால் நிறுத்தி, ரெண்டு மின்விசிறி வைத்தாள் மேஸ்திரி. இரும்புக் குழாயை வளைத்துக் கூடு கட்டினார்கள். பின்னால் ஜீப் சக்கரம், முன்னால் ஆட்டோ சக்கரம், நடுவில் ரெண்டு சீட்டு.

டீக்கடையில் சும்மா இருப்பார்களா?

"கப்பல்ல வந்த இன்ஜின்லா! தேரி வெயில்ல கருவாடாத்தான் திரும்பி வரும்."

அந்தப் பேச்சைத் தவசிக்கனி பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"மேஸ்திரி, பனியில பழகுன இன்ஜின் வெயிலத் தாங்குமா?"

"அதுக்குப் பனியும் தெரியாது, வெயிலும் தெரியாது. சூடு ஒண்ணுதான் தெரியும். அத நாம பாத்துக்கிடுவோம். பத்தொம்பதாம் நம்பர் ஸ்பேனர எடுங்க."

இது நடக்கும்போதே சென்னையிலிருந்து தவசிக்கனியின் மகன் சுயம்புராஜ் போனில் பேசினான். ஒரே பிள்ளை. தாய் இல்லாத வீட்டில் அப்பா தனியாகக் கிடக்கிறார் என்று கவலை அவனுக்கு.

"டாக்டர் உங்கள ஓய்வெடுக்கச் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"இங்க வந்து என்னோட இருங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. இரும்பு சுமக்க வேண்டாம்."

"வண்டி முடியட்டும்லே."

"சரி. ஞாயித்துக்கிழம வாரேன். உங்க வண்டி தேரி ஏறி, அந்தப்பக்கம் இறங்கிட்டா நீங்க இங்கயே இருங்க, நான் வாயத் திறக்கல. நின்னுபோச்சுன்னா பெட்டியக் கட்டணும். சம்மதமா?"

"சம்மதம். நீ ஏறி உக்காரதுக்கும் சேத்துத்தான் ரெண்டு சீட்டு" என்றார் தவசிக்கனி.

வியாழக்கிழமை காலையில் வண்டியை வெளியே எடுத்தார்கள். மேஸ்திரி கீழே நின்றாள். தவசிக்கனி தனியாக ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி அலறிக்கொண்டு ஏறியது. மணல் பின்னால் விசிறிபோல எழும்பியது. உச்சிக்குப் போனதும் அவர் கையை மேலே தூக்கிக் காட்டினார். பிறகு அந்தப்பக்கம் இறங்கினார்.

அந்தப்பக்கம் சரிவு நீளம். பாதி போயிருப்பார், கீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் இழுபட்டு, வண்டி கோணலாக நின்றுவிட்டது. அதன்பின் கிளம்பவில்லை.

டிராக்டர் வைத்து இழுத்துவந்து சிலிண்டரைக் கழற்றினாள் மேஸ்திரி. ஒரு பிஸ்டன் நெடுகக் கீறிக் கிடந்தது. அதற்கு மாற்று அவர்களுக்குத் தெரிந்த எந்தக் கடையிலும் கிடையாது.

தவசிக்கனி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. தண்ணீர் இருந்தது. பெட்ரோல் இருந்தது.

"ஏறும்போது எப்படி மிதிச்சீங்க?" என்றாள்.

"அடி வரைக்கும்."

"இறங்கும்போது?"

"மிதிக்கவே இல்ல. காலையே எடுத்துட்டேன். கஷ்டப்பட்டு ஏறிருக்கே, இறக்கத்துலயாவது சும்மா வரட்டும்னு விட்டேன். மலை ரோட்டுல நான் அப்படித்தான் ஓட்டுவேன் மேஸ்திரி. டீசல் மிச்சம் பிடிச்சதுக்கு டிப்போவுல மூணு தடவ சால்வை போத்திருக்காங்க."

கீறின பிஸ்டனை அவர் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கதறக் கதற மிதிச்சேன், அப்ப சாகல. ஓய்வு குடுத்தேன், செத்துப்போச்சு. இது என்ன நியாயம்? சொல்லுங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தன் பழைய மொபெட்டைத் தள்ளிவந்தாள்.

"பின்னால ஏறுங்க அண்ணாச்சி."

"எங்க போறோம்?"

"பாலத்துக்கு. கண்ண மூடிக்கிட்டு வாங்க. காது மட்டும் போதும்."

ரயில்வே மேம்பாலத்தில் ஏறி, அந்தப்பக்கம் இறங்கினாள். திரும்பி ஏறி, இந்தப்பக்கம் இறங்கினாள். மறுபடியும். பாலத்தடியில் வெள்ளரி விற்கிறவர், "என்ன மேஸ்திரி, அண்ணாச்சிக்கு மொபெட் பழக்குதியளா?" என்று கேட்டார். முப்பத்திரண்டு வருஷ டிரைவருக்கு அதைவிட என்ன வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறக்காமல் இருந்தார்.

மூன்றாம் தடவை இறங்கி முடித்ததும் மேஸ்திரி நிறுத்தினாள்.

"என்ன கேட்டுது?"

"இறக்கத்துல வண்டி தானாத்தான் ஓடுது. ஆனா நீங்க கைய விட்டுட்டு வரல. கொஞ்ச தூரத்துக்கு ஒருக்கா லேசா முறுக்குதீங்க. ட்ர்ருங்குது. அப்புறம் விடுதீங்க. நாலு தரம்."

"அஞ்சு" என்றாள். டாங்கி மூடியைத் திறந்து, ஒரு ஈர்க்குச்சியை விட்டு எடுத்து, அவர் விரலில் தடவினாள். "தேய்ங்க."

தேய்த்தார். வழுவழுத்தது.

"உங்க பஸ்ஸுக்கு எண்ணெய் எங்க கிடந்தது?"

"இன்ஜினுக்கு அடியில. தனியா."

"இதுக்கு?"

"பெட்ரோல்ல கலந்து..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். வண்டி சரிவில் ஓடிவர, பெல்ட் வழியாகச் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் காலை எடுத்ததால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் வராததால் எண்ணெயும் வரவில்லை. உள்ளே பிஸ்டன் காய்ந்த இரும்போடு உரசிக்கொண்டு வந்திருக்கிறது.

"எனக்கு இது தெரியும் மேஸ்திரி!" என்றார் ஆற்றாமல். "நானே பங்க்குல நின்னு கலந்து வாங்கிட்டு வந்தேன்."

"உங்களுக்குத் தெரியும். காலுக்குச் சொன்னீங்களா?"

தவசிக்கனி குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

சனிக்கிழமை முழுக்க வேலை. சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த பிஸ்டன் துகளை ஆசிட் தொட்டுக் கரைத்தாள் மேஸ்திரி. பிஸ்டனைச் சின்ன அரத்தால் ராவி, எமரித்தாளால் இழைத்தார் தவசிக்கனி. பதினோரு தடவை கொண்டுவந்து காட்டினார். பத்துத் தடவை, "இன்னும்" என்றாள். பதினோராம் தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் வாங்கிப் பூட்டினாள்.

"தாங்குமா மேஸ்திரி?"

"நான் பூட்டினது தாங்கும். உங்க கால்தான் மிச்சம்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய நேரத்தில் சுயம்புராஜ் வந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. டீக்கடையே தேரி அடிவாரத்துக்கு இடம் மாறியிருந்தது. மேஸ்திரி மட்டும் மேட்டைச் சுற்றிப் போய், அந்தப்பக்கம் இறக்கம் முடிகிற இடத்தில் நின்றுகொண்டாள்.

"இதுலயா?" என்றான் மகன்.

"ஏறுல."

வண்டி ஏறியது. மகன் குழாயை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். உச்சியில் நிற்கவில்லை. மூக்கு கவிழ்ந்தது, சரிவு தெரிந்தது, வேகம் கூடியது.

"காலை எடுங்கப்பா!" என்று கத்தினான் சுயம்புராஜ். "காலை எடுங்க!"

தவசிக்கனியின் வலது கால் எழும்பப் பார்த்தது. முப்பத்திரண்டு வருஷம் இறக்கத்தில் எழும்பியே பழகிய கால். அதை அவர் மெல்லத் திரும்ப வைத்தார். ட்ர்ர். விட்டார். இடது காலால் பிரேக்கைத் தொட்டார். மறுபடி வைத்தார். ட்ர்ர். பக்கத்தில் மகன் குலசாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். இவர் காதில் அதெல்லாம் விழவில்லை. இன்ஜின் ஒன்றுதான் கேட்டது.

சரிவு முடிந்து சமதரை வந்தது. வண்டி மேஸ்திரி முன்னால் வந்து நின்றது. நின்ற பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

சுயம்புராஜ் இறங்கினான். வெள்ளைச் சட்டை செக்கச் சிவந்திருந்தது. கண்ணாடியைக் காணவில்லை. கொஞ்ச நேரம் குனிந்து நின்று மூச்சு வாங்கினான். அப்புறம் மேஸ்திரியிடம் போனான்.

"அக்கா, நீங்க சொல்லிக் குடுத்தவங்க, நீங்களே சொல்லுங்க. ஏறும்போது மிதிச்சாரு, சரி. தானா ஓடுத இறக்கத்துல எதுக்கு மிதிக்காரு?"

"ஏறும்போது மிதிச்சது வண்டி போறதுக்கு. இறங்கும்போது மிதிச்சது இன்ஜின் இருக்கதுக்கு."

அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் சீட்டிலிருந்து இறங்காமல், ஒரு காதைப் பின்னால் சாய்த்து, இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவப்பு மணல். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"வாக்குக் குடுத்துட்டேன். கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றான் சுயம்புராஜ், குரல் தணிந்து. "ஆனா டாக்டர் சொன்னது இருக்கே. நான் இவர என்ன செய்யட்டும் அக்கா?"

மேஸ்திரி குனிந்து முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"பேரிங் லூசா இருக்கு. காலையில எட்டு மணிக்கு அண்ணாச்சிய அனுப்பி வைங்க."