ஆபத்சகாயம் நட்ட கற்கள்

"அம்மா, இந்த மனிதரைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை" என்றார் இளமுருகனார்.

ஞானம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரைப் பற்றி, புலவரே?"

"சர்வேயர் ஆபத்சகாயத்தைப் பற்றி. ஐப்பசியில் அவருக்கு நினைவுக் கூட்டம். என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள்."

இளமுருகனாருக்கு அறுபத்திரண்டு வயது. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மேடை ஏறினால் மூன்று மணி நேரம் கூட்டத்தை அசையவிட மாட்டார். மேலத்தாங்கல் மடத்துக்கு அவர் வந்து இரண்டு வருஷம். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட ஞானம்மாள் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

"ஊரில் விசாரித்தீர்களா?"

"நாற்பது பேரிடம் கேட்டேன். எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். வருவார், அளப்பார், கல் நடுவார், போவார். முப்பத்தைந்து வருஷ உத்தியோகம். ஒரு விருது இல்லை. ஒரு சண்டை இல்லை. அவர் பேசிய ஒரு வார்த்தைகூட யாருக்கும் ஞாபகமில்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன பேசுவது?"

ஞானம்மாள் ஒரு பூச்சி அரித்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"நாளைக்கு வாய்க்காலைத் தேடப் போகிறார்கள். மண்வெட்டி எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள்."

"நான் கேட்டது..."

"கைப்பிடி ஆடாத மண்வெட்டியாகப் பார்த்து எடுங்கள்."

மலையிலிருந்து ஏரிக்கு ஒரு வரத்து வாய்க்கால் இருந்தது. அது தூர்ந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. கொஞ்சம் வயலாகிவிட்டது, கொஞ்சம் கட்டடமாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் வழி தெரியாமல் தெற்குத் தெருவுக்குள் புகும். ஏரி மட்டும் காய்ந்து கிடக்கும். போன வருஷம் இரண்டு வீடுகள் இடிந்து விழுந்தன. செல்லக்கிளி என்ற பெண் சுவருக்கு அடியில் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகுதான் கோர்ட் உத்தரவு வந்தது. வாய்க்காலைக் கண்டுபிடித்துத் திறக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால்.

மறுநாள் காலை புது சர்வேயர் ரெஜினா வந்து இறங்கினாள். முக்காலியில் ஒரு கருவி. கையில் ஆபத்சகாயம் வரைந்த பழைய புலப்படம்.

அரிசி ஆலை வைரக்கண்ணு வழியை மறித்து நின்றார்.

"படம் வெறும் காகிதம்மா. யார் வேணும்னாலும் கோடு போடலாம். கல்லைக் காட்டு."

ரெஜினா முக்காலியைத் தூக்கிக்கொண்டாள். ஏரிப் பக்கமிருந்து தொடங்கினாள். கருவியில் பார்த்தாள், நடந்தாள், ஒரு சோளக்காட்டின் நடுவில் நின்றாள். குச்சியால் ஒரு புள்ளி வைத்தாள்.

"இங்கே."

இளமுருகனாரும் சேர்ந்து தோண்டினார். ஒரு அடி. வெறும் மண். இரண்டு அடி. வைரக்கண்ணு சிரித்தார். மூன்றாவது அடியில் மண்வெட்டி 'ணங்' என்றது.

கல். தலையில் சர்வே அம்புக்குறி.

ரெஜினா மண்டியிட்டு அளந்து பார்த்தாள். "ஒரு விரல்கூடப் பிசகலை. அந்தக் காலத்துல வெறும் இரும்புச் சங்கிலியை இழுத்து அளந்திருக்காரு!"

இரண்டாவது கல் வரப்புக்கு அடியில் கிடைத்தது. மூன்றாவது கல் ஒரு வேப்பமரத்தின் வேர்ப்பிடிக்குள் கிடைத்தது. வேர் சுற்றி வளர்ந்திருந்தது, கல் அசையவில்லை. தெற்குத் தெருப் பெண்கள் குலவையிட்டார்கள். செல்லக்கிளியின் அம்மா அந்தக் கல்லை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

நான்காவது புள்ளி வைரக்கண்ணுவின் நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் விழுந்தது.

"களத்தை உடைக்க விடமாட்டேன்" என்றார் அவர். "சரி, உடைக்கிறேன்னே வைங்க. இதுக்கு மேல வாய்க்கால் எங்கே போகுது? அதைச் சொல்லட்டும் முதல்ல."

ரெஜினா படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து கை நீட்டினாள்.

மடத்து நூலகம்.

கூட்டம் முழுக்க இளமுருகனாரைத் திரும்பிப் பார்த்தது. அது அவர் கட்டிய நூலகம். ஆறாயிரம் புத்தகங்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்தவை.

"படம்... அந்த இடத்தில் மட்டும் தப்பாக இருக்கலாம்."

பேசியது யார் என்று ஒரு கணம் அவருக்கே புரியவில்லை. அவருடைய குரல்தான். மூன்று கற்களையும் தோண்டிக் காட்டிய அதே மண்வெட்டி கையில் இருந்தது.

வைரக்கண்ணு கைகொட்டிச் சிரித்தார். "அப்படிச் சொல்லுங்க ஐயா!"

இளமுருகனார் மடத்துக்கு ஓடினார். ஞானம்மாள் நூலகத்துக்குள்தான் இருந்தார். புத்தகங்களை அடுக்கடுக்காக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பாதி அலமாரி காலி.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"இதற்கு அஸ்திவாரம் தோண்டின அன்றைக்கு ஆபத்சகாயம் வந்தார். 'அம்மா, இது வாய்க்கால்' என்றார். 'தண்ணீர் வந்து முப்பது வருஷம் ஆச்சே ஐயா, இனிமேல் எங்கே வரப்போகிறது' என்றேன். அவர் வாதாடவில்லை. 'கல் இருக்கும்மா' என்றார். போய்விட்டார்."

"நீங்கள் ஏன் நிறுத்தவில்லை?"

"உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் ஆசை."

பின்னாலேயே ஊர் வந்துவிட்டது. ஞானம்மாள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தெரிந்தேதான் வாய்க்காலில் கட்டடம் கட்டவிட்டேன். அதற்கடுத்த மழையில்தான் செல்லக்கிளி செத்தாள். அவள் அம்மா இங்கே இருக்கிறாள். அவள் என்னை என்ன கேட்டாலும் நான் நின்று கேட்க வேண்டும்."

செல்லக்கிளியின் அம்மா கூட்டத்தைவிட்டு வெளியே வந்தாள். ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை எடுத்து வந்து ஞானம்மாளிடம் நீட்டினாள்.

ரெஜினா தரையில் புள்ளி வைத்தாள். ஞானம்மாளின் முதல் அடியில் தரை விரிசல் விட்டது. நாலாவது அடியில் ஓடு பெயர்ந்தது. ஞானம்மாளின் உள்ளங்கை தோல் உரிந்தது. அவர் நிறுத்தவில்லை.

இளமுருகனார் அந்தக் கடப்பாரையைப் பிடித்தார்.

"கொடுங்கள்."

"புத்தகம் இன்னும் பாதி உள்ளே இருக்கிறது, புலவரே."

"இருக்கட்டும். மற்றவர்கள் எடுப்பார்கள்."

குத்தினார். சட்டை நனைந்தது. கண்ணாடி நழுவி விழுந்தது. கண் தெரியாமலே குத்தினார். கருங்கல் ஜல்லிக்குக் கீழே, களிமண்ணுக்குக் கீழே, 'ணங்'.

இளமுருகனார் பள்ளத்துக்குள் உட்கார்ந்து, கையால் மண்ணை வழித்துவிட்டார். அம்புக்குறி நேற்றுச் செதுக்கியதுபோல் இருந்தது.

வைரக்கண்ணு எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, தன் ஆட்களைக் கூப்பிட்டார்.

"டேய், டிராக்டரை எடுங்கடா. களத்தை இன்னைக்கே பெயர்க்கணும்."

பதினோரு நாளில் வாய்க்கால் திறந்தது. பன்னிரண்டாம் நாள் மேற்கே கறுத்தது.

அந்த மழையை மேலத்தாங்கல் இன்னும் பேசுகிறது. மூன்று நாள் விடவில்லை. செந்தண்ணீர் மலையிலிருந்து இறங்கி, நூலகம் இருந்த இடத்தில் புகுந்து, களம் இருந்த இடத்தில் வளைந்து, கல்லுக்குக் கல் தொட்டுக்கொண்டு போய் ஏரியில் விழுந்தது. தெற்குத் தெருவில் ஒரு வீட்டு வாசற்படிகூட நனையவில்லை. நான்காம் நாள் காலை ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் பாய்ந்தது. சனம் கரையில் நின்று கூத்தாடியது. வைரக்கண்ணு வேட்டியோடு குதித்தார்.

நினைவுக் கூட்டத்தை ஏரிக்கரையிலேயே வைத்தார்கள். நாற்பது பேரை எதிர்பார்த்தார்கள். நாலு ஊர் வந்திருந்தது.

இளமுருகனார் மைக் முன்னால் நின்றார். உள்ளங்கையில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. முன்வரிசையில் ஆபத்சகாயத்தின் மனைவி குஞ்சம்மாள் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். இளமுருகனார் மேடையைவிட்டு இறங்கிப் போய், அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். மைக்கை நீட்டினார்.

"அம்மா, இந்த வாய்க்காலை அளந்து கடைசிக் கல் நட்டாரே, அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்?"

குஞ்சம்மாள் யோசித்தார்.

"என்ன சொல்வாரு? 'வேலை முடிஞ்சுது, பசிக்குது, சோறு போடு'ன்னாரு."

ஏரிக்கரை முழுக்க எழுந்து நின்றது.