மலைக்குப் போகக் கூடாத வண்டி

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் அவசரப்படாமல் கேளுங்கள். இதில் வருகிற மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. சிக்கலே அதுதான்.

சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் கலைமணி என்று ஒருத்தி சொந்தமாக வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அவளுடைய போன் நம்பர் மனப்பாடம். உடம்புக்கு முடியவில்லை என்று கூப்பிட்டால் மறுக்காமல் மலையேறி வருவாள் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

ஒருமுறை இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அவள் காய்ச்சலில் படுத்திருந்ததால், தம்பி தாமோதரன் வண்டியை மெக்கானிக் கமாலுதீன் பட்டறையில் கொண்டுபோய் விட்டான். இன்ஜினைப் பிரித்து வேலை முடித்த பிறகு அவனே ஓட்டியும் வந்தான். மறுநாள் அதே காரில் குடும்பமாக ராசிபுரம் போய் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். இடம் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் கலைமணி வண்டிக்கடியில் ஈரத்தைப் பார்த்தாள். ஏசித் தண்ணீராக இருக்கும் என்று தொட்டால், வழவழவென்று பச்சையாக விரலில் ஒட்டியது. பானட்டைத் திறந்தாள். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட், டப்பாவில் பாதிக்கு மேல் காணோம். ரிப்பேருக்கு முன்னால் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. பட்டறைக்குப் போய் வந்த பிறகு ஒழுகுகிறது என்றால் என்ன அர்த்தம்?

தம்பியையும் கூட்டிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனாள். கமாலுதீன் குனிந்து பார்த்தார். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் கிளிப்பை இறுக்கினார், கூலன்ட் ஊற்றினார். நிமிர்ந்தவர் தாமோதரனை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க பாய் ஒழுகுது?" என்றாள் கலைமணி.

"ஒரு சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரணும்மா. வந்ததும் போட்டுடறேன். அதுவரைக்கும் டவுனுக்குள்ள ஓட்டிக்குங்க. மலைக்கு மட்டும் போகாதீங்க."

"என்ன சாமான்? ஏன் போகக் கூடாது?"

"வரட்டும், சொல்றேன்" என்று அவர் அடுத்த வண்டியின் பக்கம் திரும்பிவிட்டார்.

வழியெல்லாம் தாமோதரன் பொருமினான். "வேலையச் சரியா செய்யல. மாட்டிக்கிட்டதும் சாமான் வரலைன்னு கதை விடறாரு பாரு."

கலைமணிக்கும் அப்படித்தான் பட்டது. நல்ல ஹோஸைக் கழற்றி வைத்துக்கொண்டு, எந்தக் காயலான் கடை வண்டியிலோ கிடந்ததை மாட்டியிருப்பாரோ என்றுகூட நினைத்தாள். வேறு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றபோது தாமோதரன் தடுத்தான். "எதுக்குக்கா இன்னொருத்தர் கை வைக்கணும்? ஊத்தி ஊத்தி ஓட்டலாம்." அவன் அதை அவ்வளவு வேகமாகச் சொன்னது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் கூடப் பிறந்தவனைச் சந்தேகிப்பதைவிடப் பாயைச் சந்தேகிப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

இப்படி இருக்கையில் மலையிலிருந்து போன் வந்தது. தோட்டத்தில் மிளகு பறிக்க ஏணியில் ஏறிய பழனியாண்டி தவறி விழுந்துவிட்டான், இடுப்பெலும்பு விலகிவிட்டது போலிருக்கிறது, அசைக்க முடியவில்லை என்று அவன் மனைவி அழுதாள். "கிளம்பிட்டேன்" என்றாள் கலைமணி. கமாலுதீன் சொன்னது ஞாபகத்துக்கு வராமல் இல்லை. தன் குட்டு வெளிப்படாமல் இருக்க அவர் சொன்ன சாக்கு என்று ஒதுக்கினாள். வேறொரு காரைக் கூப்பிட்டு அனுப்பும் யோசனையே அவளுக்கு வரவில்லை.

மலைப்பாதையின் நடுவில் ஒரு வளைவில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்துவதற்குள் படாரென்று சத்தம். பானட்டுக்குள்ளிருந்து ஆவி குப்பென்று கிளம்பியது. அந்த இடத்தில் போனுக்குச் சிக்னலும் கிடைக்கவில்லை. மேலே பழனியாண்டி கார் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தான். கடைசியில் காப்பி மூட்டை ஏற்ற வந்த லாரியில்தான் அவனைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நேரத்தோடு வந்திருந்தால் கால் பழையபடி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறான். மரம் ஏற முடிவதில்லை.

வெடித்த ஹோஸைக் கொண்டுபோய்க் கலைமணி கமாலுதீன் முன்னால் போட்டாள். தாமோதரன் பின்னால் நின்றான்.

"இது என் வண்டியோட ஹோஸ்தானா பாய்?"

"உங்களோடதுதான். உங்க தம்பியக் கேளுங்க."

தாமோதரன் தலையைக் குனிந்தபடி சொன்னான். "இன்ஜினைப் பிரிச்சப்பவே ஹோஸ் காஞ்சு போச்சு, மாத்தியே ஆகணும்னு பாய் சொன்னாருக்கா. புதுசு வர ரெண்டு மூணு நாள் ஆகும்னாரு. மறுநாள் பொண்ணு பாக்கப் போகணுமே. தெரிஞ்சா நீ வண்டியத் தொட விடமாட்டே. அதனால சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். அப்புறமா நானே கொண்டாந்து மாத்திடலாம்னு இருந்தேன்."

"வார்த்தை குடுத்துட்டேன்" என்றார் கமாலுதீன். "உண்மையச் சொன்னா சம்பந்தம் பேசற நேரத்துல வீட்டுல சண்டை வரும்னு பயந்தேன். என்னைத் திருடன்னு நினைச்சாலும் பரவாயில்லைன்னு இருந்துட்டேன். அதான் மலைக்குப் போகாதீங்கன்னு மட்டும் சொன்னேன்."

பொய் சொல்லி மறைத்தவன் தம்பி. கொடுத்த வார்த்தைக்காக வாயை மூடிக்கொண்டவர் மெக்கானிக். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மலையேறியவள் அக்கா. பழனியாண்டியின் காலுக்கு இந்த மூவரில் யார் முதலில் பதில் சொல்ல வேண்டும்?

தம்பி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆரம்பித்து வைத்தவன் அவன்தான். ஆனால் மலையேறுகிற சூட்டில் காய்ந்த ஹோஸ் வெடித்துவிடும் என்கிற அளவுக்கு அவனுக்குத் தெரியாது, கமாலுதீனுக்குத் தெரியும். வண்டி ஓட்டுகிறவளே நேரில் வந்து ஏன் என்று கேட்ட பிறகு அவர் காப்பாற்றியது வார்த்தையை அல்ல, தாமோதரனின் கல்யாணத்தை. காரணம் சொல்லாத எச்சரிக்கை சந்தேகத்தைத்தான் வளர்த்தது. ஆகவே முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. கலைமணியும் அப்படித்தான் நினைத்தாள் போலும். அதற்காக அவரை விட்டு விலகவில்லை, இன்றும் அவரிடம்தான் வண்டியை விடுகிறாள். ஆனால் பானட் மூடும் வரை பக்கத்திலேயே நின்று, அவர் தொடுகிற ஒவ்வொன்றையும் என்ன, ஏன் என்று கேட்கிறாள். அவரும் ஒன்று விடாமல் சொல்கிறார்.