காளவாய்க்காரனுக்கு எந்தக் களஞ்சியம்?

அமைச்சர் அரியநாயகத்துக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு திட்டம் தீட்டியிருந்தார். கை ஓடும் காலத்தில் குடிமக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தானியம் அரசிடம் போட்டுவைக்க வேண்டியது. கை ஓய்ந்த காலத்தில் அரசு அள்ளிக் கொடுக்கும். நோய்ப்பட்டவர்களுக்கு ஒரு களஞ்சியம், வேலை போனவர்களுக்கு இன்னொன்று. தலைநகரில் ஒரு வருஷம் நடத்திப் பார்த்தாயிற்று. மறுநாள் அரசர் முத்திரை வைப்பார். வைத்துவிட்டால் அப்புறம் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தானா மாடக்கண்ணு வந்து சேர வேண்டும்? சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவன். இருமல் முற்றியதும் முதலாளி துரத்திவிட்டான். நோய்க் களஞ்சியத்துக்குப் போனால், வேலையில் இருக்கும்போது படுத்தவர்களுக்குத்தான் இங்கே, உனக்குத்தான் வேலையே இல்லையே என்றார்கள். மற்றதற்குப் போனால், நாளைக்கே வேலை கொடுத்தாலும் செய்யத் தெம்புள்ளவர்களுக்குத்தான், நீ நோயாளி என்றார்கள். நடந்து நடந்து ஓய்ந்துபோய், பெண்டாட்டி பிள்ளைகளோடு இப்போது அமைச்சர் வீட்டு வாசலில் சுருண்டு கிடந்தான்.

அமைச்சர் திட்டத்தின் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து ஊரில் இருந்த தம் குரு பூரணத்தம்மாளின் மடத்துக்கு ஓடினார். அம்மாளுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. பொறுமை அதைவிடக் குறைவு.

"அவனை எதில் சேர்ப்பது, அம்மா? இரண்டு விதியும் சரியாகத்தான் இருக்கின்றன. அவன்தான் எதிலும் அடங்காமல் என் உயிரை வாங்குகிறான்."

அம்மாள் முகத்தைச் சுளித்தார். பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி அனுப்பினார்.

"முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாரும்."

அமைச்சர் விருந்தினர் பந்தியில் உட்கார்ந்தார். தாங்கள் மடத்துச் சீடராயிற்றே, உள்பந்திக்கல்லவா போக வேண்டும் என்று பணிவோடு இலையை எடுத்துவிட்டார்கள். உள்பந்திக்குப் போனார். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியை இங்கே உட்காரவைத்தால் மரியாதையாகுமா என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படி நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கும்பிட்டே அனுப்பினார்கள். அதுதான் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாம் தடவை போனபோது அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

அவர் திரும்பி வந்த வேகத்தில் மேல்துண்டு நழுவி விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"என்னம்மா இது? காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை."

"ஏன், பந்தியில் இடமில்லையா?"

"இடமும் இருந்தது, சோறும் இருந்தது."

"பிறகென்ன? நீர் விருந்தாளியா, சீடரா? அதைச் சொல்லியிருந்தால் தீர்ந்தது."

"நான் யாராயிருந்தால் என்ன, அம்மா? எனக்குப் பசிக்கிறது."

அம்மாள் திட்டத்தின் ஓலைக்கட்டைப் பிரித்து, எழுத்தாணியோடு அவர் பக்கம் தள்ளினார்.

"இப்போது சொன்னீரே, அதை முதல் வரியாக எழுதும்."