எல்லைக் கல்லில் தொங்கிய தராசு

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால்கூடச் சட்டம் பிறக்கிற ஒரு நாடு இருந்தது. அந்த ராஜா ஒருநாள் வெண்பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, தூதர்கள் நிறைந்த சபையில் அடுக்கடுக்காகத் தும்மித் தொலைத்தார். சிரிப்பை அடக்கச் சபையார் படாத பாடு பட்டார்கள்.

"மலைக்கு அப்பாலிருந்து வந்த மிளகு, மகாராஜா! எல்லாம் அந்த நாட்டாரின் சதி!" என்று தூபம் போட்டார் சுங்க அதிகாரி விருத்தகிரியார்.

அவ்வளவுதான். "இனி எந்தக் காலும் எல்லைக் கல்லைத் தாண்டி நடக்கக் கூடாது. எந்தக் கையும் அதைத் தாண்டி நீளக் கூடாது" என்று உத்தரவு பறந்தது.

அரசவை விகடன் பேச்சியப்பனுக்கு மனசு பொறுக்கவில்லை. அவன் எல்லையோர ஊர்க்காரன். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில் உப்பைக் கொடுத்து அயல்நாட்டு நெல்லை வாங்கித்தான் உலை வைப்பார்கள். வேலைக் காலத்தில் பாதி ஊர் அந்தப் பக்கம்தான் இருக்கும். உப்பு விற்கும் உமையாத்தாள் அரண்மனை வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"மொளகு பறிக்கப் போன எம் புருசன் அங்கனயே மாட்டிக்கிட்டாருய்யா. இங்க அடுப்புல பூனை தூங்குது. ஒரு வழி பண்ணும்!"

பேச்சியப்பன் நேரே சபைக்குப் போய், சந்தையைத் திறக்கும்படி கேட்டான். ராஜாவின் முகம் கடுத்தது. இந்த வாயாடியைத் தொலைக்க இதைவிட நல்ல சமயம் விருத்தகிரியாருக்கு வாய்க்குமா?

"உத்தரவு இம்மியும் மீறப்படாமல் சந்தையை இவரே நடத்திக் காட்டட்டும், மகாராஜா. தவறினால் நாடு கடத்திவிடலாம்."

"சம்மதம், மகாராஜா" என்றான் பேச்சியப்பன். பின்வாங்குகிற ஆள் இல்லை அவன்.

வெள்ளிக்கிழமை ராஜா பரிவாரத்தோடு எல்லைக்கு வந்தார். எல்லைக் கல்லை ஒட்டி ஒரு கம்பம். அதில் ஆளை உட்காரவைத்து நிறுக்கிற பெரிய தராசு. ஒரு தட்டு இந்த நாட்டில், மறு தட்டு அந்த நாட்டில். இங்கே உப்பு, அங்கே நெல். எடை சரியானதும் அவரவர் பக்கத்துத் தட்டை ஒரு தள்ளு தள்ளினார்கள். தராசு அரைவட்டம் சுற்ற, உப்பு அங்கே போனது, நெல் இங்கே வந்தது. ஒரு காலும் நடக்கவில்லை, ஒரு கையும் நீளவில்லை!

அடுத்த சுற்றில், தட்டில் கைகட்டிச் சம்மணமிட்டு வந்து இறங்கினார் உமையாத்தாளின் புருஷன்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "ஏன்யா, இப்படியா எலும்பும் தோலுமா வருவீரு? ஒரு மூட்டை உப்புக்குக்கூடத் தேறலையே!"

"மோசடி!" என்று கத்தினார் விருத்தகிரியார். தராசுக் கயிற்றை அறுக்கப் பாய்ந்த வேகத்தில், கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்துவிட்டார்.

"ஐயா, அங்கேயே நில்லும்!" என்றான் பேச்சியப்பன். "மகாராஜா, இன்று உத்தரவை மீறிய கால்கள் இவருடையவை மட்டுமே. திரும்பி நடந்தால் இன்னொரு முறை மீறியவர் ஆவார்."

தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார் விருத்தகிரியார். "மகாராஜா, என் வீடு வாசல், பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் உங்கள் பக்கம் அல்லவா இருக்கிறார்கள்?" என்றார்.

"உம் பக்கத்தில் வீடு திரும்பக் காத்துக் கிடக்கிற இவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், ஐயா" என்றான் பேச்சியப்பன்.

ராஜா கல்லுக்கு அப்பால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, "அவரையும் தட்டில் ஏற்றுங்கள்!" என்றார். ஊரிலிருந்த உப்பு மூட்டைகள் எல்லாம் இந்தத் தட்டில் ஏறின. அதிகாரியின் தட்டு அசையவே இல்லை. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போதும், போதும்! உத்தரவு ரத்து! எல்லோரும் நடந்தே வாருங்கள்!" என்று சொல்லித் தம் முத்துமாலையைப் பேச்சியப்பனுக்குச் சூட்டப் போனார்.

மாலை கழுத்தில் விழுவதற்குள், அந்தப் பக்கம் காத்துக் கிடந்தவர்கள் மூட்டையும் முடிச்சுமாக வீட்டுக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். விருத்தகிரியார் அவர்களுக்கு வழிவிட்டு, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார்.