பின்பக்கத்து மூங்கில் வேலி

முன்னொரு காலத்தில் ஏழிலை நாட்டை மணிமுடிராயன் என்றொரு ராஜா ஆண்டான். அவனிடம் பன்னிரண்டு யானைகள். தினமும் உப்பரிகையில் நின்று அவற்றைப் பார்க்காவிட்டால் அவனுக்குப் பொழுதே விடியாது.

யானைப் பட்டியின் வேலி இற்றுப்போனது. புதுவேலி போடும் வேலையைச் சபையிலிருந்த வல்லபராயர் என்ற பிரபு முந்திக்கொண்டு வாங்கினார். மந்திரி பூதலிங்கத்துக்கு நல்ல பெயர் கிடைத்தால் அவருக்கு வயிறு எரியுமே! ராஜா பார்க்கும் முன்பக்கம் தேக்குக் கம்பம், பித்தளைப் பூண். ராஜா கண்ணில் படாத பின்பக்கம் பழைய மூங்கிலுக்கே பச்சை வர்ணம்.

யானைக்கு உப்பரிகை தெரியுமா? ஒருநாள் விடியற்காலையில் ஒரு கொம்பன் மூங்கிலைச் சாய்த்துக்கொண்டு வேலிக்குப் பின்னாலிருந்த குடிசைகளை நோக்கி வந்தது. அங்கே குடியிருந்த மூக்காயியின் புருஷன் கொள்ளிக்கட்டையோடு எதிரே ஓடி, வேலியோரத்திலேயே மிதிபட்டுச் செத்தான். வல்லபராயர் அன்றைக்கே சாய்ந்த மூங்கிலை நிமிர்த்தி நட்டுவிட்டார்.

மூக்காயி சபைக்கு வந்தாள். "சாமி, இன்னும் ஒம்பது குடிசை இருக்கு. என் பிள்ளைங்க ரெண்டும் அங்கதான் தூங்குது. பின்பக்கத்தையும் மாத்திக் குடுங்க."

"வேலி மலைமாதிரி நிற்கிறது, மன்னா. இவள் புருஷன்தான் கரும்பைக் காட்டிக் கூப்பிட்டிருப்பான்" என்றார் வல்லபராயர்.

"இருக்கும், இருக்கும். நான்தான் தினம் பார்க்கிறேனே!" என்றான் ராஜா.

பூதலிங்கம் எழுந்தார். "பாவம், ராயர்மேல் வீண்பழி. நாளைக்குச் சபையைப் பின்பக்கம் கூட்டுவோம். ராயர் வேலியில் முதுகைச் சாய்த்து வெற்றிலை போடட்டும். பக்கத்திலேயே யானைகளுக்கான கரும்புக்கட்டை வைப்போம். மலையை எது அசைக்கும்?"

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். "பலே! அப்படியே செய்!"

மறுநாள் கரும்பு வாசனைக்குப் பன்னிரண்டும் திரண்டு வந்தன. முதல் யானை நெற்றியை வைத்ததுதான் தாமதம், மூங்கில் கறகறத்தது. ராயர் தலைப்பாகை எங்கே, செருப்பு எங்கே என்று பார்க்காமல் எடுத்தார் ஓட்டம்.

"ஐயோ, வெறும் மூங்கில்! என்னைக் கொன்றுவிடும்!"

பாகர்கள் யானைகளைத் திருப்பினார்கள். "நேற்று மலையாயிருந்ததே, ராயரே?" என்றார் பூதலிங்கம்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வர்ணம் உரிந்த மூங்கிலைக் கிட்டேபோய்த் தொட்டுப் பார்த்தான். சிரிப்பு நின்றது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. ராயருக்குத் தேக்குக் கம்பம் சுமக்கும் வேலை கிடைத்தது.

வேலி முடிந்ததும் ராஜா பல்லக்கில் வந்தான். "இப்போது சந்தோஷந்தானே, பெண்ணே?"

"கெட்டியா இருக்கு சாமி. பிள்ளைங்க பயப்படாம தூங்கும்." மூக்காயி ஒரு கம்பத்தைத் தடவினாள். "இதைச் சரியான எடத்துல நட்டிருக்கீங்க. அவரு இங்கதான் கெடந்தாரு."